மஞ்சள் தாள் ஒட்டிய கதவு

அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவளை அகராதி என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் மின்கட்டணச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

நகர சுகாதார அலுவலகத்தின் அறிவிப்புகளை, அங்கே குடியேறிய அரபு மக்களுக்காக அரபியில் மொழிபெயர்ப்பது அவள் வேலை. இளமையின் பெரும்பகுதியை ஓர் அரபு தேசத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாகக் கழித்தவள். அங்கே நோயாளிகளின் முனகலிலிருந்து பொறுக்கிச் சேர்த்த மொழி இப்போது அவளுக்குச் சோறு போட்டது. கணவர் கண்ணை மூடி வெகுகாலமாகிவிட்டது. ஒரே மகள் கைக்குழந்தையோடு நகரத்தின் மறுகோடியில் இருந்தாள். மூன்றாவது மாடி வீட்டில் ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு கணினி. பேச ஆளில்லாத அந்த வீட்டில் நாள் முழுக்க வார்த்தைகளோடு மல்லுக்கட்டுவாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதை மொழிபெயர்த்தாலும், அனுப்புவதற்கு முன்னால் எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவாள். அங்கே இருந்தவள் ஒரு தையற்காரி. அரபி அவளுக்குத் தாய்மொழி. புருஷன் லாரி ஓட்டிக்கொண்டு பாதி நாள் வெளியூரில் கிடப்பான். அகராதி சத்தமாகப் படிப்பாள். தையற்காரி துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பாள். புருவம் சுருங்கினால் வாக்கியம் சரியில்லை என்று அர்த்தம். பிறகு ஒரு டீ. வாக்கியத்தைச் சரிபார்க்கத்தான் போகிறேன் என்று அகராதி தன்னிடமே சொல்லிக்கொள்வாள். அந்த டீக்காகத்தான் என்பதை ஒப்புக்கொள்ள அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அன்றும் தட்டினாள். இருவரும் பேசியது அரபியில், நமக்காகத் தமிழில்.

"வா வா. இன்னைக்கு என்ன வியாதி கொண்டாந்திருக்கே?"

"குளிர்கால வாந்தி நோய்."

அலுவலகத் தாளில் இருந்த பெயரை அப்படியே அரபியாக்கி வைத்திருந்தாள். தையற்காரியின் புருவம் சுருங்கிற்று.

"என்னடி பேரு இது? குளிர்ல போனா வாந்தி வரும், போர்த்திக்கிட்டுப் படுத்தா போயிடும்னு நினைப்பாங்க. ஒட்டிக்கிற நோய்னு இதுல எங்க இருக்கு?"

"உங்க பக்கம் எப்படிச் சொல்லுவீங்க?"

"நஸ்லா மஅவிய்யா."

குடலுக்குப் பிடித்த ஜலதோஷம் என்பது போல ஒரு பெயர். ஆஸ்பத்திரியில் தாய்மார்கள் சொல்லி அவளும் கேட்டதுதான். டாக்டர்கள் எழுதும் நீளமான பெயருக்கு அடியில் அது புதைந்து போயிருந்தது.

"ஜலதோஷம்னா ஒட்டும்னு பச்சக் குழந்தைக்கும் தெரியும்" என்றாள் தையற்காரி. "அதைப் பெருசாப் போடு. டாக்டர் பேரை வேணும்னா கீழ போட்டுக்கோ."

அகராதி அப்படியே மாற்றிக்கொண்டு மேலே படித்தாள். 'நோய் வந்த வீட்டின் கதவில் மஞ்சள் தாள் ஒட்டவும். வாந்தி நின்று இரண்டு நாள் ஆகும்வரை வெளியாட்கள் உள்ளே போகக் கூடாது. வீட்டில் இருப்பவர்கள் நோயாளிக்கு அடிக்கடி நீராகாரம் கொடுக்கவும்.'

தையல் மிஷின் நின்றது.

"வீட்டுல வேற யாருமே இல்லேன்னா?"

"மூலத்துல அது இல்லே."

"இல்லேன்னா நீ எழுது."

"நான் எப்படி எழுதறது? அவங்க சொன்னதைத்தான் நான் சொல்ல முடியும். ஒரு சொல் கூட்ட மாட்டேன், ஒரு சொல் குறைக்க மாட்டேன்."

"அதான் ஊரே உன்னை அகராதிங்குது" என்று சிரித்துவிட்டு மிஷினை மிதித்தாள் தையற்காரி.

அறிவிப்பு ஒவ்வொரு குடியிருப்பின் வாசலிலும் ஏறியது. ஆனால் நோய் அதைப் படித்துவிட்டா வரும்? கீழ்மாடியில் இரண்டு கதவுகள் மஞ்சளாயின. அடுத்து அகராதியின் குடலைப் பிசைந்தது. குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடுவே ஓடி ஓய்ந்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் தன் கதவில் தானே மஞ்சள் தாளை ஒட்டினாள். பிறகு மகளுக்குப் போன் செய்தாள்.

"ஐயோ, நான் வரட்டுமாம்மா?"

"வேணாம்டா. குழந்தைக்கு ஒட்டிக்கும். யாரும் வரக் கூடாது."

"சரிம்மா."

வேண்டாம் என்று சொன்னது இவள்தான். ஆனாலும் அந்தச் 'சரிம்மா' அவ்வளவு சீக்கிரம் வந்திருக்க வேண்டாம். போனைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. குடம் சமையலறையில் இருந்தது. சமையலறை வேறொரு தேசத்தில் இருப்பது போலத் தோன்றியது. புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று அந்த முன்னாள் நர்ஸுக்குத் தெரியாதா? எத்தனை பேருக்கு அவள் தலைமாட்டில் நின்று தண்ணீர் புகட்டியிருப்பாள்! அவள் தலைமாட்டில் நிற்கத்தான் ஒரு ஜீவன் இல்லை.

எதிர்வீட்டு மிஷின் ஓசை நின்றது. கதவு திறந்தது. காலடிகள் அவள் வாசல்வரை வந்தன. மஞ்சள் தாளுக்கு முன்னால் தயங்கின. திரும்பிப் போயின.

கூப்பிட வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. யாரை நோவது? உள்ளே வராதே என்று எழுதிக் கொடுத்த கை இவள் கைதானே! கண்ணீர் விடக்கூட உடம்பில் தண்ணீர் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

டொக் டொக்.

"அடியே அகராதி! உசிரோட இருக்கியா? பதில் சொல்ற வரைக்கும் நான் இங்கேர்ந்து நகர மாட்டேன்."

குரல் எழவில்லை. கையில் அகப்பட்ட கரண்டியால் கட்டில் சட்டத்தைத் தட்டினாள்.

"அப்பாடா! வாசல்ல கூஜா வெச்சிருக்கேன். உப்பும் சர்க்கரையும் கரைச்ச தண்ணி. நான் கீழ்ப்படிக்குப் போயிடறேன். தவழ்ந்தாவது வந்து எடுத்துக்கோ."

தவழ்ந்தேதான் போனாள். கதவைத் திறந்தபோது, நாலு படி கீழே முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு நின்றிருந்தாள் தையற்காரி.

"முறைக்காதே. உன் சட்டத்தை நான் மீறலே. கீழ போய் நின்னு இன்னொரு வாட்டி முழுசாப் படிச்சிட்டுத்தான் வந்தேன். உள்ள போகக் கூடாதுன்னு எழுதியிருக்கே. கதவைத் தட்டக் கூடாதுன்னு எங்கயும் இல்லே."

அன்று முதல் காலையும் மாலையும் தட்டல் கேட்டது, கூஜா வந்தது. வாந்தி நின்றது. கெடுவான இரண்டு நாளும் கழிந்தன. மகள் ஒருமுறை பேசினாள். "சரியாயிடுச்சாம்மா? நல்லது. குழந்தை அழறான், அப்புறம் பேசறேன்." அப்புறம் வரவில்லை.

மஞ்சள் தாளைக் கிழிக்கக் கதவருகே போனாள் அகராதி. கை நீண்டது, அப்படியே நின்றுவிட்டது. இதைக் கிழித்துவிட்டால்? மாலையில் யார் வந்து உசிரோட இருக்கியா என்று கேட்கப் போகிறார்கள்? ஒரு சொல் கூட்டாதவள், நோயில் ஒரு நாளைக் கூட்டிக்கொண்டாள்.

மாலையில் தட்டல் கேட்டது.

"எப்படி இருக்கே?"

குரலை இழுத்து வைத்துக்கொண்டாள். "கொஞ்சம்... தலை சுத்துது."



"தலை சுத்தறவ வெங்காயத்தை நல்லாத்தான் வதக்கியிருக்கே. என் வீடு வரைக்கும் மணக்குது."

வெட்கத்தில் முகம் எரிந்தது. நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டாள். இப்போது உடம்பில் தண்ணீர் இருந்தது. கண் வழியே இறங்கியது.

"அழறியா? அழாதே. தாளைக் கிழிச்சுப் போடு."

"கிழிச்சிட்டா?"

"கிழிச்சிட்டா என்ன, கதவு பறந்தா போயிடும்? நான் தாளையா தட்டறேன்?"

மறுநாள் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள் அகராதி. திறந்த தையற்காரியின் வாயில் குண்டூசி இருந்தது. அதை எடுத்துவிட்டு வழக்கம்போலக் கேட்டாள்.

"இன்னைக்கு என்ன வியாதி?"

அகராதி வெறுங்கையைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு தாள்கூட இல்லாமல் அந்த வாசலில் அவள் நின்றதில்லை.

"ஒண்ணும் இல்லே. சும்மா வந்தேன்."

தையற்காரி நாற்காலியில் குவிந்திருந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, டீக்கு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.