அம்பாசமுத்திரத்தார் பாளையங்கோட்டைக்குப் பந்தாட்டம் பார்க்கப் போனது

டில்லி தர்பார் முடிந்து வந்த தை மாதம், ஒரு சனிக்கிழமை. காலை ஏழு மணி வண்டிக்கு அம்பாசமுத்திரம் ஸ்டேஷனில் நாற்பது பேர் நின்றோம். மூன்றாம் வகுப்பு டிக்கெட் தலைக்கு நாலரை அணா. போகவும் வரவும் அத்தனையும் நான்தான் எடுத்தேன். எடுத்து, ஒருத்தன் கையிலும் கொடுக்காமல் என் மடியிலேயே முடிந்துகொண்டேன். கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள்.

நான் யார் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லுகிறேன். ஒற்றை மாட்டு வண்டி ஒன்றோடு பாரம் அடிக்க ஆரம்பித்தவன். இன்றைக்கு முப்பத்தாறு வண்டி ஓடுகிறது. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் இந்தத் தாலுகாவில் என் வார்த்தையை நம்பி வண்டி பூட்டாதவன் கிடையாது.

என் வண்டிகளுக்கெல்லாம் தலைவண்டிக்காரர் வேதமுத்து. அவர் மகன் ஞானமுத்து. பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படிக்கப் போனவன், அங்கே துரைமார் கிளப்பில் பந்து பொறுக்கிப் போட்டு, அப்படியே மட்டை பிடிக்கவும் கற்றுக்கொண்டு, இப்போது சம்பளத்துக்குத் துரைமாரோடு டென்னிஸ் ஆடுகிறான். அந்த உத்தியோகத்துக்கு மார்க்கர் என்று பெயர். துரைமாரிடம் தோற்கவும் வேண்டும், தோற்கிறது தெரியவும் கூடாது. அப்படி ஒரு உத்தியோகம். அன்றைக்கு மட்டும் அது இல்லை. பட்டணத்துக் கிளப் மார்க்கர் ஒருவன் வருகிறான், இரண்டு மார்க்கரும் மோதுகிறார்கள், வெளியாரும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம் என்று சேதி வந்தது. நம் ஊர்ப் பிள்ளை ஆடும்போது ஊர் சும்மா இருக்கலாமா? நான்தான் ஆள் சேர்த்தேன்.

வேதமுத்து மட்டும் ஸ்டேஷனிலேயே இழுத்தார். “யாரையும் கூட்டிட்டு வராதியன்னு சொல்லி விட்டிருக்கான் அண்ணாச்சி.”

“அது வெக்கத்துல சொல்லுதது வே. நம்மாளுவளப் பாத்தா யானைப் பலம் வரும் பாரும்.”

மற்றவர்களிடம் ஒரு உறுதியும் கொடுத்தேன். ஆட்டம் முடிந்ததும் ஞானமுத்து வந்து ஒவ்வொருத்தரிடமும் இரண்டு வார்த்தை பேசுவான், அதற்கு நான் பொறுப்பு என்றேன். அந்த உறுதியை நம்பித்தான் பாதிப் பேர் ஏறினார்கள்.

வண்டி கிளம்பினதும் ஆறு வந்தது. பாலத்துக்குக் கீழே தண்ணீர் தெளிந்து, மணல் தெரிந்தது. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி. இரண்டு பக்கமும் பிசான நெல் கதிர் வாங்கி நின்றது. இந்த வழியில் பாரம் அடித்து எத்தனை மாட்டுக்கு லாடம் தேய்ந்திருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். ரயில் அதை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது.

சேரன்மகாதேவியில் ஏறின ஒரு கோர்ட் குமாஸ்தா எங்கள் கூட்டத்தைப் பார்த்து விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“அண்ணாச்சி, பந்து ஓடும்போது வாயத் தொறக்கப்பிடாது, தெரியும்லா?”

“வாயத் தொறக்காம பாக்கதுக்கு அது என்ன துட்டி கேக்கப் போற எழவு வீடாவே?” என்றேன். பெட்டியே சிரித்தது.

ஒன்பது மணிக்குத் திருநெல்வேலியில் இறங்கினோம். அங்கிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பாளையங்கோட்டை இரண்டரை மைல். ஜட்காக்காரன் நாலணா கேட்டான். வண்டிக்காரனிடமே வண்டி வாடகை சொல்லுகிறாயா என்று இரண்டரை அணாவுக்குப் பேசி, வயதானவர்களை ஏற்றிவிட்டு மற்றவர்கள் நடந்தோம். கட்டுச்சோற்றை ஒரு வேப்பமரத்தடியில் தின்றோம்.

மூன்றரை மணிக்கு ஆட்டம். செம்மண் தளத்தைச் சாணம் போட்டு மெழுகி, சுண்ணாம்பால் கோடு கிழித்து, நடுவில் இடுப்புயரத்துக்கு வலை கட்டியிருந்தார்கள். மெழுகின சுத்தம் எங்கள் வீட்டுக் களத்தில்கூடக் கிடையாது. அந்தப் பக்கம் நாற்காலிகளில் துரைமார். இந்தப் பக்கம் கயிற்றோரம் நாங்கள். மூன்று சுற்று, அதில் இரண்டு எடுக்கிறவனுக்கு வெற்றி.

ஞானமுத்து வெள்ளை உடுப்பில் வந்தான். எங்களைப் பார்த்ததும் கால் ஒரு கணம் நின்றது. அது சந்தோஷம் என்று நினைத்தேன்.

எங்கள் ஊர்க் குஸ்தியில், பயில்வான் பிடி போடும்போது கத்தாமல் நிற்கிறவன் எதிராளியின் ஆள் என்று அர்த்தம். ஆகையால் நாற்பது பேரும் கத்தினோம். “விடாதே! அமுக்கு!” என்று நான் போட்ட சத்தம் கோட்டைச் சுவரில் பட்டுத் திரும்பியிருக்கும். கத்தக் கத்த அவன் பந்து வலையில் விழுந்தது. இன்னும் கத்தினோம். கோட்டுக்கு வெளியே விழுந்தது. முதல் சுற்று ஆறுக்கு இரண்டு என்று பட்டணத்தானுக்குப் போயிற்று.

இடைவேளையில் ஞானமுத்து கயிற்றருகே வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

“அண்ணாச்சி, கும்பிடுதேன். சத்தம் போடாதிய.”

“ஒனக்காகத்தானலே போடுதோம்!”

“தெரியும் அண்ணாச்சி. அவன் மட்டையில பந்து படுத சத்தத்த வச்சுத்தான் நான் ஓடுதேன். அது கேக்கல்ல. அதோட...” கொஞ்சம் நிறுத்தினான். “ஒங்க நாப்பது மொகத்தையும் பாத்துட்டேன். தோத்தா நாப்பது வீட்டுக்கும் பதில் சொல்லணுமேன்னு இருக்கு. அப்புறம் பந்து எங்கன தெரியும்?”

எனக்குச் சுருக்கென்று பட்டது. ஆனாலும் நான் செய்து பழகினவன். நின்று வருந்துகிறவன் இல்லை. திரும்பி, மடியைத் தட்டிக் காட்டினேன்.

“ஏலே, எல்லாவனும் கேட்டுக்கிடுங்க! டிக்கெட்டு என் மடியில இருக்கு. எவனாவது வாயத் தொறந்தா ஊருக்கு இருபத்திரண்டு மைல், நடந்துதான் வரணும்!”

அதற்குப் பிறகு நாற்பது பேர் ஊமையாக நின்றதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் வண்டிச் சக்கரங்களுக்குப் பட்டை அடிக்கிற கொல்லன் சுடலைமுத்து துண்டை வாயில் திணித்துக்கொண்டான். அம்பாசமுத்திரத்தாரை வாய் மூட வைத்த மனுஷன் எனக்கு முன்னும் கிடையாது, பின்னும் வரப்போவதில்லை. இரண்டாவது சுற்று ஞானமுத்துவுக்கு. மூன்றாவது இழுபறி. ஐந்துக்கு ஐந்து என்று நின்றது. கடைசிப் பந்து பட்டணத்தான் எட்ட முடியாத மூலையில் விழுந்தது. துரைமார் எழுந்து கை தட்டினார்கள். எங்கள் பிள்ளைக்கு!

நாங்கள் காத்து நின்றோம். அவன் பட்டணத்தானுக்குக் கை கொடுத்தான், துரைக்கு ஒரு சலாம் வைத்தான், வலை சுருட்டி வைக்கிற கொட்டகைக்குள் போனான். போனவன் வரவே இல்லை.

கால் மணி நேரம் ஆயிற்று. சுடலைமுத்துதான் ஆரம்பித்தான். “எங்க அவன்? துரைமார் கூட ஆடி ஆடித் தலைக்கேறிட்டோ? நாம என்ன சந்தைக்கா வந்தோம்? நீருதான பொறுப்புன்னீரு அண்ணாச்சி?”

“அவன விட்டுருங்கவே,” என்றார் வேதமுத்து.

வாக்கு என்னுடையது. நான் கொட்டகைக்குப் போய்க் கதவைத் தள்ளினேன்.

ஞானமுத்து ஒரு தண்ணீர்ப் பீப்பாய்க்குள் இரண்டு கையையும் முழங்கை வரை விட்டபடி குனிந்து நின்றான். விலா இரண்டும் துருத்தி மாதிரி ஏறி இறங்கின. கீழே வாந்தி எடுத்திருந்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான். கூப்பிடத்தான் வந்திருக்கிறேன் என்று தெரிந்துகொண்டான். கதவைக் கையால் காட்டினான், அவ்வளவுதான்.

பாபநாசம் மலை ஏற்றத்தில் பாரம் இழுத்த மாட்டை அவிழ்த்ததும் நான் யாரையும் கிட்டே விடமாட்டேன். தட்டிக்கொடுக்கிறேன் என்று பிரியமாக வருகிறவனையும் விடமாட்டேன். முதலில் மூச்சு அடங்க வேண்டும். முப்பது வருஷமாக மாட்டுக்குச் செய்ததை ஒரு மனுஷனுக்கும் செய்ய வேண்டும் என்று அந்தக் கொட்டகை வாசலில்தான் எனக்குத் தெரிந்தது. அவன் எங்களுக்குக் கொடுக்க வேண்டியது ஆட்டம். அதைக் கொடுத்துவிட்டான். அதுக்கு மேல் வந்து சிரி என்று கேட்க நான் யார்?

கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். கூட்டம் என் வாயைப் பார்த்தது.

“ஏலே சுடல, முதல்ல ஒன்னயத்தாம்லே விசாரிச்சான். சின்னதுல நீ வண்டிப் பட்டையில வளையம் அடிச்சுக் குடுத்தியாம். அத உருட்டிக்கிட்டு ஓடித்தான் காலு இந்த ஓட்டம் ஓடுதாம். துரை கூப்பிட்டிருக்காவ, போகணும், எல்லாருட்டயும் சொல்லுங்கன்னான்.”

சுடலைமுத்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “ஆமா, நாந்தான் அடிச்சுக் குடுத்தேன்,” என்றான். கொடுத்தானோ இல்லையோ, கொடுத்ததாகவே அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

ஆறரை மணி வண்டியில் திரும்பினோம். ஒருத்தனுக்குச் சேதி கொடுத்துவிட்டால் மற்றவன் விடுவானா? “எனக்கு என்ன சொன்னான்?” என்று ஒவ்வொருத்தனாக நெருக்கினான். சேரன்மகாதேவிக்குள் இருபது பேருக்குச் சொன்னேன். வீரவநல்லூரில் முப்பது. ஒருத்தன் கொடுத்த மாம்பழம், ஒருத்தன் சந்தைக்குத் தோளில் தூக்கிப் போனது, ஒருத்தன் அடித்த அடி. ஒன்றையும் திருப்பிச் சொல்லவில்லை, எல்லாம் புதுசு. படித்தவன் எவனாலும் இத்தனை கதையை ஒரு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் கட்டிவிட முடியாது.

கல்லிடைக்குறிச்சி தாண்டினதும், எதிரே இருந்த வேதமுத்து குனிந்து பைய கேட்டார்.

“நெசத்துக்கு என்ன சொன்னான் அண்ணாச்சி?”

அவரிடம் பொய் வரவில்லை. “ஒண்ணுஞ் சொல்லல்ல வே. கதவக் காட்டினான். சாத்திட்டு வந்துட்டேன்.”

வேதமுத்து சன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். “சாத்துனியளா? அது போதும்.”

தாலுகாவில் எனக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. இவ்வளவு சின்னதாகச் சொல்லி இவ்வளவு நிறைந்த மரியாதை வேறே இல்லை.

எங்கள் ஊரில் ஜெயித்த பயில்வான் நாலு தெருவும் சுற்றி எல்லோருக்கும் முகம் காட்டிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பான். அது எங்கள் வழக்கம். பாளையங்கோட்டையில் ஜெயித்தவன் ஒரு கதவுக்குப் பின்னால் நின்றான். அதுவும் வழக்கமாக இருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

எட்டரைக்கு அம்பாசமுத்திரம். இறங்கினதும், தங்களுக்கு வந்த சேதியை வீட்டில் சொல்ல எல்லோரும் வேகமாக எட்டு வைத்துப் போனார்கள். வேதமுத்துவும் நானும் அவசரமில்லாமல் நடந்தோம்.