நடு ஸ்பீக்கர்

என் கணவருக்குக் காது மந்தம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவர் ஒருவர்தான் ஒப்புக்கொள்ள மாட்டார். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பிரஸ் பிரிவில் அவருக்கு வேலை. நாள் முழுக்க இரும்புத் தகட்டை மெஷின் அழுத்தி அடிக்கிற சத்தத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். பல வருஷம் அங்கே நின்றதில் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருந்தது. கேட்டால், "இப்பல்லாம் யாருமே வாயத் தொறந்து பேசறதில்ல. எல்லாரும் முணுமுணுக்கறாங்க" என்பார்.

அதனால் எங்களுக்கு நின்றுபோனது சினிமா. நான் கொள்ளேகாலத்துப் பக்கத்துக்காரி. கல்யாணத்துக்கு முன்னால் புதுப்படம் எதையும் விட்டதில்லை. மைசூருக்கு வந்த புதிதிலும் மாதம் ஒரு படமாவது இரண்டு பேருமாகப் போவோம். பிறகு, ஒவ்வொரு வசனத்துக்கும் அவர் என் பக்கம் சாய்ந்து "என்ன சொன்னான்?" என்று கேட்க ஆரம்பித்தார். மெதுவாகக் கேட்பதாக அவருக்கு நினைப்பு. மூன்று வரிசைக்குக் கேட்கும். நானும் அதே அளவுக்குச் சத்தமாகப் பதில் சொன்னால்தான் அவருக்கு எட்டும். கடைசியாகப் போனபோது முன்வரிசை ஆள் திரும்பி, "மனேலி மாத்தாட்கொள்ளி சார்" என்றார். வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். என் கணவருக்கு அது மட்டும் தெளிவாகக் கேட்டுவிட்டது. இடைவேளையில் எழுந்து வெளியே வந்தோம். அதன்பிறகு நான் சினிமா என்று வாய் திறக்கவில்லை.

வீட்டில் இருந்த பழைய டிவியில் படம் பார்ப்பதும் அதே கதைதான். எல்லோரும் சிரித்து முடித்தபிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சிரிப்பார். நாங்கள் சிரிப்பதால் அவரும் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தசராவுக்கு அந்தப் பழைய டிவி படுத்துவிட்டது. என் தம்பிக்கு அப்போது ஹெப்பாளிலேயே வேறொரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. கல்யாணம் ஆகாதவன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"ஏன்க்கா, வாங்கறதுதான் வாங்கறீங்க, அகலத் திரையா வாங்கீருங்க. கூட அஞ்சு ஸ்பீக்கர். ஹோம் தியேட்டர்னு பேரு. தியேட்டரையே வீட்டுக்குள்ள கொண்டாந்தாப்பல இருக்கும்."

"மாமாவக் கேளு" என்றேன்.

அவர் சாம்பாரைப் பிசைந்துகொண்டே, "பிடு மாப்ள. பெரிசா இருந்தா மட்டும் புரிஞ்சிரப் போவுதா?" என்றார். பிடு என்றால் விடு. கன்னடமும் தமிழும் கலந்துதான் அவருக்கு வாயில் வரும், மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஏன் புரியாது என்கிறார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை அவரே சட்டை மாற்றிக்கொண்டு, "சும்னே பாத்துட்டு வரலாம்" என்று கிளம்பினார். நானும் மகளும் தம்பியும் கூடப் போனோம்.

தேவராஜ அரசு ரோட்டில் ஒரு பெரிய கடை. உள்ளே ஒரு அறையைத் திரைச்சீலை போட்டு இருட்டாக்கி வைத்திருந்தார்கள். நடுவில் அந்த டிவி. நான் அதுவரை பார்த்த டிவியெல்லாம் கிட்டத்தட்டச் சதுரம். இது இரண்டு பக்கமும் நீண்டு, உண்மையாகவே சினிமாத் திரையைச் சின்னதாக்கி வைத்த மாதிரி இருந்தது. விற்பனையாளர் இளம் வயது, நல்ல உற்சாகம். எங்களை சோபாவில் உட்கார வைத்து ஒரு ஆங்கிலப் படத்தைப் போட்டார். ஹெலிகாப்டர் ஒன்று எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து கிளம்பித் தலைக்கு மேலாகத் திரைக்குள் போனது. என் மகள் காதைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு அப்போது பத்து வயது. என் தம்பி எங்கள் முகங்களைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தான், அவனே ஓட்டி வந்த ஹெலிகாப்டர் போல.

என் கணவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். படம் நின்றதும் கேட்டார்: "ஜன மாத்தாடோது எல்லிந்த பருத்தெ?"

ஆட்கள் பேசுவது எங்கிருந்து வரும் என்ற கேள்வியை விற்பனையாளர் எதிர்பார்க்கவில்லை. டிவியின் தலையில் படுக்கவைத்திருந்த நீளமான பெட்டியைக் காட்டினார். அதுதான் நடு ஸ்பீக்கர், வசனமெல்லாம் பெரும்பாலும் அதில்தான் வரும், மற்ற நான்கும் பாட்டுக்கும் சத்தத்துக்கும் என்றார்.

"அப்படின்னா அது ஒண்ண மட்டும் போடுங்க" என்றார் இவர், கன்னடத்தில்.

"சார், அப்படிக் கேட்டா எஃபெக்டே இருக்காது. மழை, குதிரை, குண்டு எல்லாம்…"

"மழை வேண்டாம். நனகெ கிவி சரியாகி கேள்சல்ல."

எனக்குக் காது சரியாகக் கேட்காது என்றார். சாதாரணமாக, தன் செருப்பு அளவைச் சொல்வது போல. எத்தனையோ வருஷமாக என்னிடம் சொல்லாத வாக்கியம். அதையும் அன்றைக்குத்தான் பார்த்த ஒரு ஆளிடம், வேறு பாஷையில் சொல்கிறார். என் தம்பி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்காமல் ஸ்பீக்கரைப் பார்த்தேன்.

அந்தப் பையன் நல்லவன். ஹெலிகாப்டரை எடுத்துவிட்டு ஒரு கன்னடப் படத்தைப் போட்டான். மற்ற நான்கையும் அடக்கினான். அம்மாவும் மகனும் சண்டை போடுகிற காட்சி. என் கணவர் எழுந்துபோய் டிவிக்கு எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். பாத்திரம் கழுவாமல் போட்டதற்கு அம்மா திட்ட, மகன் ஏதோ எதிர்ப்பேச்சுப் பேச, இவர் சட்டென்று சிரித்தார். எங்கள் யாரையும் பார்க்காமல் சிரித்தார்.

"இதுவே இருக்கட்டும்" என்றார் திரும்பி.

டிவி ஒரு கூட்ஸ் ஆட்டோவில் வந்தது. அதைத் தூக்கி இறக்கக் கடை ஆட்கள் இரண்டு பேர், என் கணவர், என் தம்பி என்று நான்கு பேர் வேண்டியிருந்தது. அட்டைப்பெட்டியோடு வாசல் கிரில்லுக்குள் நுழையவில்லை. வெளியிலேயே பெட்டியைப் பிரித்து, கிரில் கதவைக் கழற்றி, பக்கவாட்டில் சாய்த்து உள்ளே கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகுதான் எங்களுக்கே உறைத்தது: ஹாலில் நாங்கள் தச்சரை வைத்துச் செய்திருந்த மர ஷோகேஸில் பழைய டிவிக்கென்று விட்டிருந்த இடத்தில் இது பாதிகூட நுழையாது. நான்கு பேரும் கையில் டிவியோடு நின்றுகொண்டு, "எங்கம்மா வைக்கறது?" என்று என்னைக் கேட்டார்கள். கைவசம் இருந்த ஒரே பலமான மேஜை சாப்பாட்டு மேஜைதான். அதைச் சுவரோரம் தள்ளி அதன்மேல் வைத்தோம். புது ஸ்டாண்டு வருகிறவரை நாங்கள் தரையில் பாய் போட்டுத்தான் சாப்பிட்டோம். என் மகளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, ஸ்டாண்டு வந்த பிறகும் அவள் மேஜைக்கு ஏறவில்லை.

தம்பி ஒயர்களோடு மல்லுக்கட்டினான். முன்னால் இரண்டு ஸ்பீக்கர், டிவி தலைமேல் ஒன்று, பின்சுவரில் ஜன்னலுக்கு இந்தப்பக்கம் ஒன்று அந்தப்பக்கம் ஒன்று. எல்லாவற்றையும் இணைத்து கேபிள் சேனலைப் போட்டதும் செய்தி வந்தது. செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் தட்டு மாதிரி அகன்றிருந்தது.

"அப்பா, எல்லாரும் தப்பா இருக்காங்க!" என்று என் மகள் கத்தினாள்.

"தப்பா? யாரு என்ன தப்புப் பண்ணாங்க?" என்றார் அவர்.

முதலெழுத்தை அழுத்திச் சொன்னால் கன்னடத்தில் தப்பா என்பது குண்டாக இருப்பது. மகள் பள்ளிக்கூடத்துக் கன்னடத்தில் சொல்ல, இவருக்குத் தமிழில் பாதி காதில் விழுந்திருந்தது. விஷயம் விளங்கியதும், "ரெண்டும் சரிதான்" என்று என் தம்பி தரையில் உட்கார்ந்து சிரித்தான். சேனல்காரர்கள் அனுப்புவது பழைய சதுரப் படம். அதை இந்த அகலத் திரை இரண்டு பக்கமும் இழுத்து நிரப்புகிறது, அதனால்தான் இப்படி என்று பிறகு விளக்கினான். ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினான். ஆட்கள் பழையபடி ஒல்லியானார்கள், ஆனால் திரையின் இரண்டு ஓரமும் கறுப்பாகிவிட்டது.

"அகலம் வேணும்னுதான வாங்கினோம்? அதக் கறுப்பா விட்டா எப்படி?" என்றார் அவர்.

"மூஞ்சி மூஞ்சியா இருக்க வேண்டாமுங்களா?" என்றேன் நான்.

இந்த வழக்கு எங்கள் வீட்டில் வெகுநாள் நடந்தது. நான் சமையலறைக்குப் போனால் ஆட்கள் குண்டாவார்கள், திரும்பி வந்தால் இளைப்பார்கள். மாடியில் குடியிருந்த வீட்டுக்காரம்மா சாயங்காலம் சீரியல் பார்க்க இறங்கி வருவார். கன்னடக்காரர், மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறவர். அவர் என் கணவர் கட்சி. "எல்லாரூ சென்னாகி ஊட்டா மாடிதங்கிதாரெ" என்றார். எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டவர்கள் மாதிரி இருக்கிறார்களாம், பார்க்கவே திருப்தியாக இருக்கிறதாம்.

முதல் படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தம்பி ஒரு தமிழ்ச் சிரிப்புப் படத்தின் சிடியை வாடகைக்கு எடுத்து வந்தான். படத்துக்கு இரண்டு தட்டு. முதல் தட்டு முடிந்தால் மாற்ற வேண்டும், அதுவே இடைவேளை. நான் வேர்க்கடலை வறுத்து வைத்திருந்தேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டோம். சினிமாப் படம் அகலத் திரைக்கென்றே எடுத்தது என்பதால், அன்றைக்குக் குண்டும் இல்லை, கறுப்பும் இல்லை.

பாட்டு ஆரம்பித்ததும் என் கணவர் ரிமோட்டை எடுத்து ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாக அடக்கினார். தம்பிக்குத் தாங்கவில்லை.

"மாமா, அஞ்சு ஸ்பீக்கர வாங்கி ஒண்ணுல கேக்கறீங்களே! நான் ஆணி அடிச்சதெல்லாம் எதுக்கு?"

"எனக்கு அது நாலும் இடைஞ்சல் மாப்ள. ஒரே நேரத்துல அஞ்சு பேரு பேசினா எவன் பேசறான்னு தெரியமாட்டேங்குது."

அவன் கோபித்துக்கொண்டு கடலையைத் தின்றான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து, நடு ஸ்பீக்கரை ஏற்றி, மற்ற நான்கையும் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு வைத்துக் கொடுத்தான். "இப்பக் கேளுங்க." இவர் கேட்டுப் பார்த்துத் தலையாட்டினார். அந்த அளவு அப்படியே நிலைத்தது. யாராவது தொட்டால் அவருக்குத் தெரிந்துவிடும்.

படத்தில் ஒரு கல்யாணத் தரகர் வருவார், பேசியே எல்லோரையும் குழப்புகிறவர். அவர் பேச ஆரம்பித்ததும் நான் வழக்கப்படி என் கணவர் பக்கம் சாய்ந்து, "பொண்ணுக்குச் சமைக்கத் தெரியாதாம், மாப்பிள்ளைக்குச் சாப்பிடத் தெரியாதாம்னு சொல்றான்" என்றேன்.

"கேட்டுச்சு" என்றார்.

அடுத்த வசனத்துக்கும் சாய்ந்தேன். "கேட்டுச்சும்மா. நீ படத்தப் பாரு."

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மகள் சிரிக்கிற அதே நேரத்தில், சில இடங்களில் அவளுக்கும் முந்தி. நான் படத்தைப் பார்ப்பதாக உட்கார்ந்துகொண்டு அவரைத்தான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, திடீரென்று கையில் வேலை இல்லாமல் போனவள் மாதிரியும் இருந்தது. இத்தனை வருஷம் பாதிப் படத்தை அவருக்குச் சொல்லியே பழகியதில், ஒரு வசனத்தை முழுசாகக் கேட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பது எனக்கே மறந்து போயிருந்தது. இரண்டாவது தட்டு போட்டபிறகுதான் நானும் ஒழுங்காகப் படம் பார்த்தேன்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது, பாயில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தபோது, கேட்டுவிட்டேன். "கடைக்காரன்கிட்டச் சொன்னீங்களே காது கேக்கலைன்னு. டாக்டர்கிட்டயும் ஒருக்காச் சொல்லலாமில்லீங்களா?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "மிஷின் மாட்டிவிட்ருவாங்க. ஷிப்டுல எல்லாரும் கெழவன்னு கூப்பிடுவானுங்க" என்றார்.

"இப்ப என்னான்னு கூப்பிடறாங்க?"

"அவனுங்க கூப்பிடறதுதான் எனக்குக் கேக்கறதில்லையே" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

உடனே போய்விடவில்லை. காதுக்கென்றே ஒரு தனி ஆஸ்பத்திரி எங்கள் ஊரில் இருந்தது. எத்தனையோ தடவை பஸ்ஸில் அதைத் தாண்டிப் போயிருக்கிறோம். அவர் தாமாகவே அங்கே போக அடுத்த வருஷ மழைக்காலம் வந்துவிட்டது. காதுக்குப் பின்னால் மாட்டுகிற சின்ன மிஷின் கொடுத்தார்கள். முதல் வாரம் எல்லாமே அவருக்குத் தொந்தரவு. நான் கரண்டி போடுகிற சத்தம், தாழ்ப்பாள் சத்தம், மாடியில் வீட்டுக்காரம்மா நடக்கிற சத்தம். "இந்தம்மா தினமும் இப்படித்தான் நடக்குமா?" என்று கேட்டார். கழற்றி அலமாரியில் வைப்பார், மறுநாள் மாட்டுவார். பிறகு பழகிவிட்டது. கம்பெனியில் யாரும் கெழவன் என்று சொன்னதாகத் தெரியவில்லை. அவருக்குப் பக்கத்து மிஷின்காரரே ஒருநாள் வீட்டுக்கு வந்து, எந்த டாக்டர், எந்தக் கிழமை என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அந்த மழைக்காலத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏதோ ஒரு பேய்ப்படம் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் திரையெல்லாம் இழுத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தோம். பேய் வரப்போகிற நேரம், எல்லோரும் பேச்சு மூச்சில்லாமல் இருக்கிறோம். என் கணவர் தலையைப் பின்சுவர் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு தம்பியின் தோளைத் தட்டினார்.

"நீ சொன்னது சரிதான் மாப்ள. பின்னாடி ஸ்பீக்கர்ல மழை எவ்ளோ நல்லாக் கேக்குது பாரு."

தம்பி திரையைப் பார்த்தான். அதில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து ஓடினேன். கொல்லையில் ஒரு வாரத்துத் துணியும் கொடியில் கிடந்தது. நான்கு பேரும் மழையில் நின்று அள்ளினோம். வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து அவருடைய போர்வையையும் எடுக்கச் சொல்லிக் கத்தினார். "எடுத்தாச்சு, எடுத்தாச்சு" என்று முதலில் பதில் கொடுத்தது என் கணவர்தான். பிறகுதான் காதில் மாட்டிய மிஷின் நனையக்கூடாது என்று நினைவு வந்து, போர்வையைத் தலையில் போர்த்திக்கொண்டு உள்ளே ஓடினார்.