மூடிய கையளவு

வேங்கிக்காலில் நான் தனியாக வாடகைக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மா தினமும் ஏதாவது குழம்பு கொண்டுவந்து கொடுப்பார். பக்கத்தில் ஒரு டாக்டர் வந்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கு வேலை பிணவறையில் என்று தெரிந்த மறுநாளே குழம்பு நின்றுபோனது. கோபம் வந்தது. அவருடைய கத்திரிக்காய்க் குழம்பு பிரமாதமாக இருக்கும் என்பதால் கொஞ்சம் ஜாஸ்தியாகவே வந்தது.

பிணவறையிலும் இதே கதைதான். சாவு நடந்த இடத்தில் ‘போய்ட்டு வரேன்’ என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. உடலை வாங்கியதும் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். அது வழக்கம் என்று தெரியும். இத்தனை வருடம் கழித்தும் வலிக்கத்தான் செய்கிறது.

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலை, கிரிவலப் பாதையில் சுருண்டு விழுந்து இறந்த ஒருவரைக் கொண்டுவந்திருந்தார்கள். கீழ்பென்னாத்தூர்க்காரர், சின்ன வயது. குழந்தை வேண்டும் என்று மனைவி வேண்டிக்கொண்டதால் இரண்டு பேரும் வெறுங்காலோடு மலையைச் சுற்றியிருக்கிறார்கள். வெளியே மாமியார் கத்துவது உள்ளே வரை கேட்டது.

“நல்லா இருந்த புள்ளைய நடக்க வெச்சே கொன்னுட்டியேடி!”

அந்தப் பெண்ணின் குரல் கேட்கவே இல்லை.

இதயத்தைத் திறந்து, உறைந்த ரத்தத்தைக் கழுவி எடுத்த பிறகுதான் தராசில் வைப்போம். இல்லாவிட்டால் ரத்தமும் சேர்ந்து எடை ஏமாற்றிவிடும். இதயம் அவரவர் மூடிய கையளவு இருக்கும் என்று மாணவர்களுக்குச் சொல்வோம். இவர் ஒல்லியான ஆள். இதயமோ அவர் கையைவிட எவ்வளவோ பெரிது. ரத்தக் குழாய்களில் அடைப்பு இல்லை, சுவர்தான் தடித்திருந்தது. ஒரே ராத்திரியில் அப்படித் தடிக்காது. தராசைச் சரிபார்த்து இன்னொரு முறை வைத்தேன்; அதே கூடுதல் எடைதான். வெளியே நிற்கும் பெண்ணுக்கு இதைத் தவிர வேறு சாட்சி இல்லை.

கையைக் கழுவிக்கொண்டு போய் மாமியாரிடமே சொன்னேன்.

“அம்மா, உங்க புள்ளைக்கு இதயம் ரொம்ப வருஷமாவே பெருசாயிட்டு வந்திருக்கு. யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இது பரம்பரையாவும் வரலாம். கூடப் பொறந்தவங்களுக்கு உடனே இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பாருங்க.”

அவர் பக்கத்தில் நின்ற இளைய மகனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு கத்தவில்லை.

அப்போதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். “நடக்காம இருந்திருந்தா உயிரோட இருந்திருப்பாரா டாக்டர்?”

இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். எனக்கு அந்தப் பொய் வரவில்லை.

“நடக்காட்டியும் நேத்து சாவு வந்திருக்கும்னும் சொல்ல முடியாது, வந்திருக்காதுன்னும் சொல்ல முடியாதும்மா. தூக்கத்துலகூட வந்திருக்கலாம். ஆனா இது நீ குடுத்த நோய் இல்ல.”

உடலை ஏற்றியதும் மாமியார் வண்டியில் ஏறினார். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, “ஏறும்மா” என்றார். படியில் கால் வைத்தவள் திரும்பி, “போய்ட்டு வரேன் டாக்டர்” என்றாள்.

“இங்க அப்படிச் சொல்லக் கூடாது” என்று உறவினர் ஒருவர் அதட்டினார்.

பதில் சொல்லக் கூடாது என்று எனக்கும் தெரியும்.

“போய்ட்டு வாம்மா” என்றேன். ஒருவரிடம் இதைச் சொல்லி எவ்வளவு நாளாகிவிட்டது! வண்டி போன பிறகும் நான் வாசலைவிட்டு நகரவில்லை.