ஈரச்சாக்குக்குள் வைன் போத்தல்கள்

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் நான் அறை எடுத்திருந்த வீட்டுக்காரர், கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்ந்தவர். ஒல்லியான உடம்பு. கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சட்டை. படிக்கட்டுக்குக் கீழிருந்த இருட்டு அலுமாரியில் சிவப்பு வைன் போத்தல்களை, தக்கை காயாதபடி படுக்க வைத்து, வெக்கை படாமல் ஈரச்சாக்கால் மூடியிருப்பார். காலையில் அந்தச் சாக்கை நனைக்காமல் தேநீர் குடிக்கமாட்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து நான் வந்த வாரமே, ஆமியும் பொலிஸும் வீடுவீடாகத் தேடும் சுற்றிவளைப்பு நடந்தது. வடக்கிலிருந்து வரும் தமிழர் பொலிஸில் பதிந்துகொள்ள வேண்டும்; நான் இன்னும் பதியவில்லை. அதிகாரி என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, பதிவுத் துண்டு எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்.

அப்போது வீட்டுக்காரர், யாரும் கேட்காமலே போய் அலுமாரியைத் திறந்தார். ஈரச்சாக்கைக் கண்டதும் துப்பாக்கிகள் அவர் பக்கம் திரும்பின. ஒரு சிப்பாய் அதைக் காலால் தள்ளப் போனான்.

"சேர், ஹொலவண்ட எபா!"

ஆட்ட வேண்டாம் என்று அவர் கத்தியதும், குண்டென்று நினைத்து எல்லோரும் பின்வாங்கினார்கள். அவர் சாக்கை விலக்கி வைன் என்று காட்டியபோது, ஒரு போத்தலைத் திறந்து அவரையே குடித்துக்காட்டச் சொன்னார்கள். அவர் நிதானமாகத் தக்கையை இழுத்து, ஒரு மிடறு குடித்தார். அதிகாரி சிரித்துவிட்டார். என் அட்டையை மேசையில் போட்டுவிட்டு, இரண்டு போத்தல்களோடு போய்விட்டார்கள்.

"எனக்காகத்தானே அங்கிள் அலுமாரியைத் திறந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஆட்டினா அடியில நிக்கிற மண்டி கலங்கிரும் மகள். அதான் கத்தினேன்."

நான் கேட்டது அவர் ஏன் கத்தினார் என்று அல்ல, அலுமாரியை ஏன் திறந்தார் என்று. மீதிப் போத்தல்களைச் சாக்கால் மூடிவிட்டு, காலையில் நனைத்த அதே சாக்கை அவர் நீர் சொட்டச் சொட்ட மறுபடியும் நனைத்தார்.