வீட்டு மெயினும் டாங்கி ஆட்டமும்

தொண்ணூற்றைந்தில் என் தம்பி கதிருக்கு வீடியோ கேம் வந்தது. வாங்கி வந்தவர் கௌதமன் மாமா, அம்மாவின் தம்பி. லாரி ஓட்டுநர். கருமத்தம்பட்டியிலிருந்து பம்பாய்க்குத் துணி மூட்டை ஏற்றிக்கொண்டு போனால், திரும்பி வரும்போது எங்களுக்கு எதையாவது வாங்கி வராமல் இருக்கமாட்டார். அந்த முறை கறுப்பில் ஒரு பெட்டி, வயரோடு இரண்டு ரிமோட், சொருகுவதற்கு மஞ்சளில் ஒரு கேசட். எங்கள் தெருவில் அதற்கு முன் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

அம்மா அன்று மாமாவை ஒரு பிடி பிடித்தாள்.

"ஏன்டா, படிக்கற பையனுக்கு இதையா வாங்கியாருவ? ஒரு டிக்சனரி வாங்கியாந்திருக்கலாமல்ல?"

"ஒரு நாளைக்கு ஆடுவான், ரெண்டு நாளைக்கு ஆடுவான் அக்கா. அப்பறம் தூக்கிப் போட்டுருவான்" என்றார் மாமா.

மாமா சொன்னபடியே கதிர் சீக்கிரம் சலித்துப்போய்க் கிரிக்கெட்டுக்கு ஓடிவிட்டான். ரிமோட்டைக் கீழே வைக்காதவள் அம்மாதான்.

என் அம்மா மாசாணியம்மாள் அன்னூர்ப் பக்கத்துக்காரி. ஐந்தாம் வகுப்பு பாதியில் பள்ளியிலிருந்து நிறுத்திக் கடலைக்காட்டுக்குக் களையெடுக்க அனுப்பிவிட்டார்கள். முழுப் பரீட்சை எழுதவில்லை. கல்யாணமாகிக் கருமத்தம்பட்டிக்கு வந்ததும் அப்பாவோடு சேர்ந்து விசைத்தறி ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதலில் இன்னொருவர் பட்டறையில் இருவரும் வேலை பார்த்தார்கள். பிறகு வீட்டோடு ஒட்டி ஓடு வேய்ந்து நான்கு தறி போட்டார்கள். படிப்பு போனதற்கு அம்மா பெரிதாக வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. அவளுக்குத் தீராத குறை வேறு ஒன்று.

சினிமாவுக்கு முடிவு பார்த்ததில்லை என்பதுதான் அது. சோமனூருக்குப் படம் பார்க்கப் போனால், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கடைசிச் சண்டை ஆரம்பிக்கும்போதே அப்பா எழுந்துவிடுவார். சொந்தத் தறி வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. அம்மா இருட்டில் காலால் தடவிக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வெளியே வருவாள். மறுநாள் பக்கத்துப் பட்டறைப் பெண்களிடம் மீதிக் கதையைக் கேட்டுக்கொள்வாள். "அவளுக ஆளுக்கொண்ணு சொல்லுவாளுக. நாம பாத்தாப்புல ஆகுமா?" என்று அரிசி களைந்துகொண்டே புலம்புவாள். அப்பா காதில் விழுந்த மாதிரியே காட்டிக்கொள்ளமாட்டார். அப்பா அப்படித்தான். நல்ல மனிதர், ஆனால் கல்லுளிமங்கன்.

கேசட்டில் பல ஆட்டங்கள் இருந்தும் அம்மாவுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. டாங்கி ஆட்டம். கீழே நடுவில் செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு இருக்கும். மேலிருந்து எதிரி டாங்கிகள் சுட்டுக்கொண்டே வரும். நம் டாங்கியை ஓட்டி எல்லாவற்றையும் சுட்டு வீழ்த்திக் கழுகைக் காப்பாற்றினால் அடுத்த கட்டம். மொத்தம் முப்பத்தைந்து கட்டம் என்று கதிரின் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சொன்னார்கள். முப்பத்தைந்துக்குப் பிறகு என்ன வரும் என்று கேட்டால் மட்டும் ஒருவனுக்கும் தெரியவில்லை. அந்தக் கடைசியைப் பார்த்தவர் யாரும் இல்லை.

இதைக் கேட்ட நாளிலிருந்து அம்மாவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

"கடைசி எப்பிடி இருக்குமுன்னு ஒருக்கா என்ற கண்ணால பாத்துப்போடோணும்" என்று ஆரம்பித்தாள். நான்கு தறியையும் ஒரே நேரத்தில் கவனித்துப் பழகிய கண் அது. எந்த மூலையில் எந்த டாங்கி முளைத்தாலும் தப்பாது. பத்து, பதினைந்து என்று கட்டம் ஏறும். அதற்குள் நூல் அறுந்து ஒரு தறி நின்றுவிடும், எழுந்து ஓடுவாள். ஓடும்போது நிறுத்தி வைக்க ஒரு பட்டன் இருப்பதைக் கதிர் சொல்லிக்கொடுத்தான். அதை அழுத்தினால் படம் அப்படியே நிற்கும். ஆனால் அந்தப் பெட்டிக்கு ஞாபகசக்தி என்பது அறவே கிடையாது. கரண்ட் போனால் எல்லாம் போச்சு, மறுபடி முதல் கட்டம். எங்கள் ஊரில் கரண்ட் போவதற்குக் கேட்கவா வேண்டும்? ஒருமுறை இருபத்தேழாவது கட்டத்தில் போனபோது அம்மா மின்வாரியத்தைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. காலையிலேயே தறிகளை நிறுத்திப் பஞ்சுத் தூசி தட்டி, எண்ணெய்ப் பிசுக்குத் துடைத்துக் கழுவிவிட்டோம். அப்பா பட்டறை வாசலில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார். மதியமே வேலை முடிந்துவிட்டதால் அம்மா டி.வி. முன்னால் உட்கார்ந்தாள். நூல் அறுக்க ஒரு தறியும் ஓடவில்லை, கரண்ட்டும் அதிசயமாகப் போகவில்லை. பொழுது சாயும்போது "அக்கா, முப்பத்திரண்டு!" என்று கதிர் கத்தினான். கிரிக்கெட்டை விட்டுவிட்டு அவனும் வந்து உட்கார்ந்திருந்தான். நான் பொரியும் கடலையும் கலந்துகொண்டிருந்த கையோடு ஓடினேன்.

அதே நேரம் பட்டறையிலிருந்து அப்பாவின் குரல். "பூசைக்கு நேரமாச்சு. வாங்க எல்லாரும்."

அம்மா நிறுத்தி வைக்கும் பட்டனை அழுத்தினாள். ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. ஏனென்றால் அடுத்து என்ன நடக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அப்பாவின் வழக்கம் அது. பட்டறைச் சுவரில் இரண்டு மெயின் சுவிட்ச் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று பட்டறைக்கு, ஒன்று வீட்டுக்கு. கற்பூரம் காட்டி முடித்ததும் இரண்டையும் அணைத்துவிடுவார். வருடம் முழுவதும் நமக்காக ஓடியவை ஒரு நாள் ஓயட்டும் என்பார். மறுநாள் விஜயதசமி காலை வரை வீட்டில் எண்ணெய் விளக்கு வெளிச்சம்தான், ஃபேன்கூடக் கிடையாது. ஒரு வருடம் எனக்குக் காய்ச்சல் அடித்தபோதும் விசிறியால்தான் வீசினார்.

"அப்பாகிட்டச் சொல்லுங்கம்மா" என்று அம்மாவின் காதில் கிசுகிசுத்தேன்.

"கம்முனு இரு அம்மணி. சாமி காரியத்துல போயி இதையச் சொல்லுவாங்களா?"

அப்பா நான்கு தறிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். ஸ்பேனர், கத்தரிக்கோல், என் சைக்கிள், கதிரின் ஜாமெட்ரி பாக்ஸ் என்று வரிசையாக வைத்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தார். மிக்சிக்கு வைத்தார். டி.வி.க்கு வைத்தார். திரையில் அம்மாவின் மஞ்சள் டாங்கி அசையாமல் நின்றது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து வீடியோ கேம் பெட்டிக்கும் ஒரு பொட்டு வைத்தார்.

"எத்தனாவது?" என்று கேட்டார்.

"முப்பத்திரண்டுங்ப்பா" என்றான் கதிர். அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பிப் பட்டறைக்குப் போனோம். கற்பூரம் காட்டினார், பூசணிக்காய் உடைத்தார். சுவரோரம் போய்ப் பட்டறை மெயினை அணைத்தார். கை வீட்டு மெயினுக்குப் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

'டக்' என்ற சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தால் அப்பா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"காத்து அடிக்குது. வெளக்கு நின்னு போகும். ஊட்டு மெயினு இருக்கட்டும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

அன்று ஓர் இலைகூட அசையவில்லை. வாழைக்கன்று பொம்மை போல நின்றது. அம்மா பொரியைப் பங்கு போட உட்கார்ந்தாள். அப்பாவுக்கு எடுத்து வைத்த பொரியில் மட்டும் வழக்கத்தைவிட வெல்லம் அதிகம் இருந்தது. அதை நான் பார்த்தேன்.

பொரி வாங்க வந்தவர்களெல்லாம் பொட்டு வைத்த டி.வி.யில் அசையாமல் நிற்கும் டாங்கியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். அம்மா ரிமோட்டைத் தொடவே இல்லை. ஓய்வு என்றால் ஓய்வுதான். அடாப்டர் சூடாகிவிடக் கூடாதென்று ஃபேனை மட்டும் அதன் பக்கம் திருப்பி வைத்தாள்.

விஜயதசமி காலையில் அம்மா தறிப் பக்கம் போகப் புறப்பட்டாள். அப்பா மறித்தார். "மொதல்ல அதைய முடி. தறி எங்கயும் ஓடிப்போகாது."

முப்பத்து மூன்று போனது. முப்பத்து நான்கு போனது. முப்பத்தைந்தில் ஒரே ஒரு உயிர்தான் மிச்சம். கதிர் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. கடைசி டாங்கி வெடித்ததும் திரை ஒரு நிமிடம் சாம்பல் நிறமாகி, அடுத்த கட்டம் வந்து நின்றது. அதே செங்கல் வரிசை, அதே கழுகு. முதல் கட்டம்.

"அட ஏமாத்துக்காரப் பயலுகளா!" என்று கதிர் குதித்தான்.

அம்மா திரைக்கு அருகில் போய் உற்றுப் பார்த்தாள். "இது மொத ஆட்டமல்ல?"

"ஆமாங்ம்மா" என்றான் கதிர்.

அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "முடிவே இல்லாத ஒண்ணைப் பாக்கறதுக்குத்தான் இந்தப் பாடுபட்டனா? ஏனுங்க, நீங்க படத்துல பாதில எந்திரிச்சதுல ஒண்ணும் குடிமுழுகிப் போகலீங்க, உடுங்க!"

அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது ரிமோட்டை எடுத்தார். அவர் ஆடிய அழகைச் சொல்ல வேண்டும். எதிரியை விட்டுவிட்டு அம்மாவின் டாங்கியையே சுட்டார். "என்னையெதுக்குங்க சுடறீங்க!" என்று அம்மா அலற, "குறுக்க வந்தீன்னா?" என்று அவர் கத்த, அன்று தறி ஓட மதியமாகிவிட்டது. என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான ஒரு காலைப்பொழுது இன்றுவரை வந்ததில்லை.

பெட்டி அடுத்த மழைக்காலத்தில் ரிப்பேராகிப் போய்விட்டது. ஆனால் அதன் பிறகு எந்த ஆயுத பூஜைக்கும் அப்பா வீட்டு மெயினை அணைக்கவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்டதும் இல்லை.

அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. இப்போது பட்டறை கதிருடையது, தறிகளும் அதிகம். போன வருடப் பூஜைக்கு நானும் போயிருந்தேன். கற்பூரம் காட்டியதும் எப்போதும் கதிர் அணைக்கும் பட்டறை மெயினை அந்த முறை அவன் மனைவி மதிவதனி அணைத்துவிட்டு, தன் பிறந்த வீட்டு வழக்கப்படி வீட்டு மெயினிலும் கை வைத்தாள்.

"அதைய உடு கண்ணு" என்றாள் அம்மா. "நம்மூட்டுல அதைய அணைக்கறதில்ல."

"ஏனுங்கத்தை?"

அம்மா சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தாள்.

"காத்து அடிக்குதல்ல. வெளக்கு நின்னு போகும்" என்றாள்.

நான் வாசலைப் பார்த்தேன். வாழைக்கன்று அசையாமல் நின்றிருந்தது.