சந்தையில் நின்ற நீல லாரி

யுத்தம் முடிந்துவிட்டது, பெட்ரோல் கூப்பன் மட்டும் முடியவில்லை. அந்நாளில் கம்பம் பள்ளத்தாக்கில் லாரி வாங்காதவனை ஒரு மனிதனாகவே யாரும் எண்ணவில்லை. பட்டாளம் கழித்துவிட்ட வண்டிகளை ஏலத்தில் எடுத்து, பருத்தி ஏற்றினார்கள், வாழைத்தார் ஏற்றினார்கள், கலியாணத்துக்குக் கூட்டம் ஏற்றினார்கள். என் மனைவியின் தம்பி இவர்கள் எல்லாரையும் விட ஒரு படி மேலே போனார். அவர் வாங்க ஆசைப்பட்டது வெறும் லாரியன்று; முதுகில் வீட்டைச் சுமந்த லாரி.

குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை, வேட்டைக்குப் போகும்போது காட்டில் தங்குவதற்காகச் செய்வித்த வண்டி அது. பின்புறத்தில் தேக்குப் பலகையால் ஓர் அறை. உள்ளே மடக்குக் கட்டில் இரண்டு, கை கழுவத் தகரத் தொட்டி ஒன்று, திரை போட்ட சன்னல், சமைப்பதற்கு ஒரு மூலை. வெளியே முழுவதும் பாசிப்பச்சை நிறம். இதை வைத்துக்கொண்டு ஓர் ஏலக்காய் வியாபாரி என்ன செய்வார் என்று மைத்துனரைக் கேட்டேன்.

“போடிக்குப் போனா சத்திரத்துல மூட்டைப்பூச்சி கடிக்குது அத்தான். இதுல படுத்துக்கலாம். வீரபாண்டித் திருவிழாவுக்குக் குடும்பத்தோட போயி, அம்புட்டுக் கூட்டத்துக்கு நடுவுல சொந்த வீட்டுல படுத்துக் கிடக்கலாம்ல.”

கூட்டத்துக்கு நடுவே படுத்துக் கிடப்பதில் என்ன பெருமை என்பது எனக்கு விளங்கவில்லை. அவருக்கு விளங்கியிருந்தது. வருசநாட்டுப் பக்கம் இருந்த மானாவாரி நிலத்தை அதற்குள் விற்றும் இருந்தார்.

அவர் என்னிடம் வந்தது யோசனை கேட்க அன்று. கிரயப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துக் கேட்க. அப்போது நான் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக் கோர்ட்டின் தலைவன். ஆடு, கோழி, வாழைத்தார் என்று சில்லறைத் திருட்டு வழக்குகள் என்முன் வரும். மதுரைக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவன் என்பதற்காக அரசாங்கம் எனக்கு அந்த நாற்காலியைக் கொடுத்திருந்தது. அதில் உட்கார்ந்து பிறர் ஆட்டைக் களவாடியவனுக்கு அபராதம் விதிப்பவன், களவு லாரிக்குச் சாட்சியாகக் கையெழுத்திட்டான் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால், அதன்பின் அந்த நாற்காலியில் உட்காருவதைவிட நின்றுகொண்டே இருப்பது மேல். ஆகவே, வண்டியையும் விற்பவரையும் பார்க்காமல் பேனாவைத் திறக்க மாட்டேன் என்றேன்.

“என் தம்பிக்கு ஒரு கையெழுத்துப் போட உங்க பேனாவுல மையில்லையாக்கும்” என்றாள் என் மனைவி. மை இருந்தது. அதனால்தான் பயம்.

கூடலூருக்கு மூவர் போனோம். மைத்துனர், நான், மூன்றாமவர் அவருடைய தாய்மாமன். மாமன் மாட்டுத் தரகர். தாம் தொட்டுப் பார்க்காத காளை கம்பம் சந்தையில் விலைபோவதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. விற்பவர், காக்கித் தொப்பி அணிந்த ஒரு நடுத்தர வயதினர். மலைக்கும் கீழுக்கும் போய்வந்து பழகியதால் பேச்சில் பாதி மலையாளம் கலந்திருந்தது. எந்த ஊர், யார் வீடு, பெண் கொடுத்தது எங்கே, எடுத்தது எங்கே என்று மாமன் விசாரிக்கத் தொடங்கி, ஒரு வெற்றிலை மென்று முடிவதற்குள் அவர் நமக்கு உறவு என்று நிலைநாட்டிவிட்டார். உடனே அவரும் மாமனை “மாமா” என்று அழைக்கத் தொடங்கினார். உறவு இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது லாரி மட்டும் ஏன் விலை கூடுதலாக இருந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

மாமன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். முன்புறக் கம்பிகளைக் குனிந்து பார்த்தார். சக்கரத்தைக் காலால் தட்டினார். நெற்றியைத் தடவினார்.

“பல்லுச் சேதமில்ல. நெத்தியில ஒரு நசுங்கல் கெடக்கு, ஆனா வலப்பக்கம். வலப்பக்கம்னா குத்தமில்ல. ஏலே, வீட்டைச் சுமந்துக்கிட்டு இது மேடேறுமாடா?”

“தேக்கடிக் காடு பூரா துரை இதுலதான் சுத்துனாக மாமா. ஆனையைக் கண்டாலும் இது மெரளாது” என்றார் காக்கித் தொப்பி.

நான் என்ஜின் மூடியைத் திறக்கச் சொன்னேன். மசியைத் துடைக்கச் சொல்லி, இரும்பில் வெட்டியிருந்த எண்ணைப் பதிவுப் புத்தகத்து எண்ணோடு ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்றே. பின்புறப் பலகையின் எண்ணும் சரியாகவே இருந்தது. மாமன் நான் செய்வதைப் பார்த்து, “மாப்பிள்ளை வண்டிக்குச் சாதகம் பாக்குறாக” என்றார்.

“புத்தகம் துரையின் பெயரில் இருக்கிறது. துரை உமக்கு விற்றதற்கு எழுத்து எங்கே?” என்று கேட்டேன்.

“துரை சீமைக்குக் கப்பலேறிட்டாக சார். என்னைக் கூப்பிட்டு, நீ வச்சுக்கோடா, எடுத்துட்டுப் போன்னாக. துரமாருக்கு வாக்கு போரே, போதாதா சார், எழுத்தெதுக்கு?”

“அப்படியானால் தோட்டத்துக்கே போய் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். மலையேறி இறங்க ஒரு பகல் போதும்.”

காக்கித் தொப்பி முகத்தைத் தொங்கப்போட்டார். மாமனுக்குக் கோபம் வந்துவிட்டது. “சொந்தமின்னு ஆகிப்போன பெறகு, திருட்டு வண்டியான்னு வெசாரிக்க மலையேறுனா நல்லாவா இருக்கு மாப்பிள்ளை? நம்ம பக்கம் வழக்கம்னு ஒண்ணு இல்லையா? சந்தையில கட்டுவோம்.”

அந்த வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அயலூர்க்காரனிடம் காளை வாங்குபவன், முழுப் பணமும் கொடுக்குமுன் அதை ஒரு சந்தைநாள் முழுவதும் பலரும் பார்க்கும்படி கட்டிவைக்க வேண்டும். பறிகொடுத்தவன் இருந்தால் வந்து, “இது என் மாடு” என்று சொல்வான். பொழுது சாயும்வரை யாரும் உரிமை கொண்டாடாவிட்டால் வாங்கியவன்மேல் பழியில்லை. இந்த வழக்கத்தை ஒப்புக்கொண்டு பஞ்சாயத்துக் கோர்ட்டில் நானே பலமுறை தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். காளைக்குச் செல்லும் வழக்கம் லாரிக்குச் செல்லாது என்று மறுக்க அப்போது என்னிடம் நியாயம் இல்லை. சந்தையில் நிறுத்திவிட்டு வாருங்கள், கையெழுத்திடுகிறேன் என்றேன்.

உடனே மாமன் துண்டை எடுத்துக் கையின்மேல் போட்டார். காக்கித் தொப்பியும் அதனடியில் கையை நீட்டினார். விரல்களாலேயே விலை பேசி முடித்து அச்சாரமும் கைமாறியது. துண்டுக்கு மேலே ஒரு சத்தமும் எழவில்லை. என் மைத்துனரின் நிலத்தில் கொஞ்சம் துண்டுக்கு அடியில் போய்விட்டது.

சந்தைநாளன்று கரியில் ஓடும் பஸ்ஸில் ஏறிக் கம்பம் போய்ச் சேர்ந்தேன். மாடு கட்டும் இடத்தில் பச்சை லாரியைத் தேடினேன். காணவில்லை. ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டும் வண்டி போல, கண்ணைப் பறிக்கும் நீலத்தில் ஏதோ ஒன்று நின்றது. அதைக் கடந்து போய், புளியமரங்கள்வரை பார்த்துவிட்டுத் திரும்பி, மறுபடியும் அதைக் கடந்தேன்.

“அத்தான், இங்கன. எங்கிட்டுப் போறீக?” என்று அந்த நீலத்தின் உள்ளேயிருந்து குரல் வந்தது.

அதே வண்டிதான். காளையைச் சந்தைக்குக் கொண்டுபோவதென்றால் குளிப்பாட்டிக் கொம்பு சீவிச் சாயம் பூசாமல் கொண்டுபோவது எங்கள் பக்கத்தில் அவமானம். அந்த முறைப்படி, என் மைத்துனர் லாரிக்கு மேலிருந்து கீழ்வரை நீலச் சாயம் அடித்திருந்தார். விளக்குகளுக்கு மஞ்சள் வளையம். முன்புறம் சலங்கை மாலை. சன்னலில் துரையின் திரையைக் கழற்றிவிட்டுப் பழைய சேலை. நெற்றியில் குலதெய்வத்தின் பெயர். எண் பலகையின்மேல் சந்தனம் அப்பி, அதன்மேல் மூன்று குங்குமப் பொட்டு. நான் என்ஜினுக்குள் தலையை விட்டுச் சரிபார்த்த வண்டியை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

சந்தை முழுவதும் அதைச் சுற்றி நின்றது. ஒருவர் கதவைத் திறந்து பார்த்தார், ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். மாமன் ஒவ்வொருவரிடமும், “யாராச்சும் எம்பொருளுன்னு சொல்ல வந்தாகளா? வரலையே” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொழுது சாயும்போது மைத்துனர் முத்திரைத் தாளை விரித்து என் பக்கம் நகர்த்தினார். காக்கித் தொப்பி பணிவோடு அருகில் நின்றார்.

“சாயம் யார் யோசனை?” என்று கேட்டேன்.

“என் யோசனைதான் அத்தான். ஆனா செலவு அவுக. சொந்தக்காரவுகன்னா சொந்தக்காரவுகதான். நான் குடுக்கேன்னேன், கையைப் புடிச்சுத் தடுத்துட்டாக.”

கூடலூரில் தாம் ஏறிவந்த வாடகைச் சைக்கிளுக்கும் எங்களிடம் கணக்குப் பார்த்துக் காசு வாங்கிய மனிதர் சாயத்துக்கு மட்டும் கையைத் தாராளமாக நீட்டியிருக்கிறார். பேனாவைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

“காளைக்குக் கொம்பில் சாயம் பூசினாலும் அதன் சுழி மறையாது, சூட்டுக்குறி மறையாது, பறிகொடுத்தவன் கண்டுகொள்வான். இதற்கு உடம்பெல்லாம் பூசி முகத்தையும் மறைத்துவிட்டு, யாரும் அடையாளம் சொல்லவில்லை என்கிறீர்கள். இதைச் சுரண்டிப் பழைய நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். துரை இருந்தது மலைமேலே. அங்கே பொருளைப் பறிகொடுத்தவன் கம்பம் சந்தைக்கு வந்து தேடமாட்டான். குமுளியில் ஒருநாள் நிறுத்துங்கள். அதன்பின் கையெழுத்து.”

“மணவறையில உக்காந்த பொண்ணை மூஞ்சி கழுவிட்டு வான்னு சொல்லுறாகளே” என்று மாமன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். கூட்டம் சிரித்தது. “பொறாமைங்க, வேறென்ன” என்று பின்னாலிருந்து ஒரு குரல். இருபது மைல் சுற்றளவில் எந்த லாரியின்மீதும் எனக்குப் பொறாமை இருந்ததில்லை என்பதை அந்தக் குரலுக்கு விளக்குவது என் தகுதிக்கு ஏற்றதாகத் தோன்றவில்லை.

காக்கித் தொப்பி மட்டும் கோபிக்கவில்லை. “சார் சொல்றது நியாயம். நாளைக் காலம்பற நானே கூட வாரேன்” என்றார். மறுநாள் காலை அவர் வரவில்லை. கூடலூரில் அவர் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. அடுத்த வீட்டுக்காரர், “அவுக எப்பப் போவாக, எப்ப வருவாகன்னு அவுக சம்சாரத்துக்கே தெரியாது” என்றார். மாமன் அன்றுமுதல் அந்த உறவைத் தம் பேச்சிலிருந்து நீக்கிவிட்டார்.

இனிமேல்தான் நீலத்தைச் சுரண்டும் படலம். மண்ணெண்ணெயோ ரேஷனில். வீட்டு விளக்குக்கு வைத்திருந்ததை என் மனைவியின் கண்ணெதிரே எடுத்துப்போய்த் தேய்த்தார்கள். பாதி போயிற்று, பாதி போகவில்லை. தேமல் விழுந்த உடம்பைப் போல, பச்சையும் நீலமுமாக அந்த வண்டி குமுளி மலைப்பாதையில் ஏறியது. முன்னால் சலங்கை மாலை ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்ற மைத்துனருக்கு மனம் வரவில்லை.

குமுளி என்றால் திருவிதாங்கூர் ராச்சியம். அரசாங்கமும் வேறு, போலீசும் வேறு. சுங்கச் சாவடியைத் தாண்டித் தேநீர்க் கடை ஓரத்தில் நிறுத்தினோம். நாள் முழுவதும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. கடையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் எழுந்து வந்தார், துரையின் சமையற்காரர். யாரையும் எதுவும் கேட்காமல் பின்கதவைத் திறந்து ஏறி, சமைக்கும் மூலையில் துழாவிவிட்டு இறங்கினார்.

“என்டெ அம்மிக்குழவி எவிடெ?” என்றார்.

மாமன் எதிரேயிருந்த மலையை ஆராயத் தொடங்கினார். உருண்டையாக நன்றாயிருக்கிறது என்று அந்தக் குழவியைக் கூடலூரில் முதல்நாளே அவர் தம் பைக்குள் போட்டுக்கொண்டது அதன்பின்தான் எங்களுக்குத் தெரிந்தது.

சமையற்காரர் சொன்னது இவ்வளவே. துரை எந்தக் கப்பலிலும் ஏறவில்லை. குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்து பங்களாவில் படுத்திருக்கிறார். வண்டியின் வில் பட்டையைச் சரிசெய்ய, கீழே பட்டறைக்குக் கொண்டுபோகச் சொல்லித் தம் டிரைவரான காக்கித் தொப்பியிடம் கொடுத்தார். போனவன் திரும்பவில்லை.

பங்களாவுக்குப் போனோம். அதற்குள் அங்கே ஒரு போலீஸ் ஏட்டு வந்துவிட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, வாங்கியதற்குக் கிரயம் எழுதியிருக்கிறதா, எழுதியிருந்தால் யார் யார் கையெழுத்து என்பது. எழுதவில்லை என்றேன். வாங்கவும் இல்லை, சரிபார்ப்பதற்காக நாங்களே கொண்டுவந்தோம் என்றேன். மைத்துனர் என்னை அப்போது நன்றியோடு பார்த்த பார்வையை நான் விரும்பிப் பெற்ற சில பொருள்களோடு சேர்த்து வைத்திருக்கிறேன். கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டியிருந்த துரை, சன்னல் வழியாக வண்டியை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

“என்ன அத்தான் சொல்லுறாக? வெகுமானம் எதுவும் குடுப்பாகளா?”

“பச்சைச் சாயத்துக்கு யார் பணம் கொடுப்பது என்று கேட்கிறார்.”

மைத்துனர்தான் கொடுத்தார். அச்சாரமும் போயிற்று, சாயமும் போயிற்று, திரும்பிவரப் பஸ்ஸுக்கு நான் கொடுத்தேன். ஆனால் கீழே இறங்கியதும் கதை மாறிவிட்டது. களவுபோன வண்டியைத் தாமே கண்டுபிடித்து, மலையேறித் துரையிடம் ஒப்படைத்ததாக மைத்துனர் பழனிசெட்டிபட்டிவரை சொல்லிவந்தார். அதில் துரை எழுந்து நின்று கைகுலுக்குவார். முறிந்த காலோடு அவர் எப்படி எழுந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கையெழுத்திடாததால் என் பெயர் தப்பியது என்றே இருந்தேன். சில மாதங்கள் கழித்துப் பஞ்சாயத்துக் கோர்ட்டில் ஓர் ஆட்டுத் திருட்டு வழக்கு. அயலான் கிடாயைப் பிடித்துக் கொம்பில் சிவப்புச் சாயம் பூசி வைத்திருந்தான் ஒருவன். அடையாளத்தை மறைக்கத்தானே பூசினாய் என்று கேட்டேன். அவன் கைகட்டிக்கொண்டு மிகுந்த மரியாதையோடு சொன்னான்:

“கொம்புல மட்டுந்தானுங்க ஐயா பூசுனேன். ஒங்க வீட்டு லாரியாட்டம் ஒடம்பு பூராவா அடிச்சேன்?”

சாட்சிகளும் சிரித்தார்கள், ஆட்டைப் பறிகொடுத்தவனும் சிரித்தான். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, அந்தக் குற்றத்துக்கு வழக்கமாக விதிக்கும் அபராதத்தையே விதித்தேன். அதற்காக ஒரு காசு கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.