மாப்பிள்ளைக்குப் போட்ட கையெழுத்து

ஸ்பானர் என்றுதான் அவனை எல்லோரும் கூப்பிட்டார்கள். பதினெட்டு வருஷமாக அந்த ரசாயன ஆலையில் குழாய் பழுது பார்த்தவன். ஆனாலும் ஒப்பந்த ஆள்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அங்கே வாயைத் திறந்த ஒப்பந்த ஆளுக்கு மறுநாள் கேட் பாஸ் இருக்காது. ஒருமுறை பாதுகாப்புக் கூட்டத்தில் ஏதோ கேட்கப் போனான். மேஸ்திரி காலை மிதித்த மிதியில் கேள்வி தொண்டையோடு நின்றுவிட்டது.

அந்தக் கூட்டம் தினமும் காலையில் பத்து நிமிஷம். நிரந்தர ஆட்கள் முன்னால். இவர்கள் பின்னால், கம்ப்ரசர் இரைச்சலுக்குப் பக்கத்தில். காதில் விழுகிறதோ இல்லையோ, தாளில் கையெழுத்து விழ வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கு வேலை கிடையாது, வீட்டுக்குப் போகலாம். அதனால் வராதவனுக்கு வந்தவன் போடுவான். ஒத்தாசையாம்!

அன்றைக்கு, அவனோடு அதே வேலை பார்த்த தங்கை புருஷன் பிள்ளையைப் பள்ளியில் விடப் போயிருந்தான். ஸ்பானர் அவனுக்கும் சேர்த்துப் போட்டான். மூன்றாம் லைனில் அமிலம் இன்னும் வடியவில்லை, தொடாதீர்கள் என்றது அவன் காதில் விழுந்தது. மாப்பிள்ளை வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தான். அதற்குள் மேஸ்திரி அவனை பாய்லர் பக்கம் விரட்டிவிட்டார். தாமதமாக வந்த மாப்பிள்ளை, முந்தின நாள் விட்ட இடத்திலேயே, மூன்றாம் லைனில் போல்ட்டைக் கழற்றினான். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் துடித்துவிட்டுச் செத்தான்.

விசாரணையில் பாதுகாப்பு அதிகாரி ஸ்பானரிடம் அந்தத் தாளை நீட்டினார். "சொல்லியிருக்கோம், கையெழுத்தும் போட்டிருக்காரு. அவரோட அஜாக்கிரதைதானே? இனிமே ஒப்பந்த ஆளுங்க பேச்சையும் கேக்கப் போறோம். பாதுகாப்புக் குழுவுல உங்களத்தான் போடறதா இருக்கோம்."

பதினெட்டு வருஷத்தில் அன்றுதான் அவனுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். எழுந்து நின்றான்.

"அது என் கையெழுத்து சார். அவன் கூட்டத்துக்கே வரல. நாங்க எல்லாருமே இப்படித்தான் போடறோம். உங்களுக்கும் தெரியும்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன் சார்."

மறுநாள் கேட்டில் அவன் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். செத்தவன் தலையிலிருந்து பழி இறங்கியது. அதைச் சொல்லத்தான் தங்கை வீட்டுக்குப் போனான். பிள்ளையின் சீருடையை மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அன்னிக்கு நீ போடலன்னா என்ன ஆயிருக்கும் அண்ணே?"

"கேட்டுலயே திருப்பி அனுப்பியிருப்பாங்க."

"வீட்டுக்கு வந்திருப்பாரு," என்றாள்.